ஆண் பிள்ளைகளுக்கு அரசுச் செலவில் எச்.பி.வி. தடுப்பூசி: ஒரு வரலாற்றுப் பார்வை

மனிதப் பாப்பிலோமா வைரஸ் (சுருக்கமாக எச்.பி.வி.) என்னும் கிருமியால் வரும் புற்றுநோய்களைத் தடுக்கப் போடப்படுவது எச்.பி.வி. தடுப்பூசி. கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுப்பதே இதன் முதன்மையான பயன் என்பதால் தமிழில் இதைக் "கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி" என்றே பெரும்பாலும் சொல்கிறோம். ஆனால் இக்கிருமி ஆண், பெண் இருவரையும் தொற்றுவது. இருவருக்கும் நோய் தருவது. இந்தியாவில் உரிமம் பெற்ற தடுப்பூசிகளில் ஆண் பிள்ளைகளுக்கும் அனுமதிக்கப்பட்டவை உண்டு. பணம் கட்ட இயலுமானால், வண்டலூரிலோ தாம்பரத்திலோ இருக்கும் பெற்றோர் தனியார் மருத்துவரிடம் கேட்டு மகனுக்கும் இதைப் போடலாம். அரசுச் செலவில் அறிவிக்கப்பட்ட திட்டங்கள் மட்டும் பெண் பிள்ளைகளோடு நின்றுவிடுகின்றன. இப்படி ஆனது எதனால், பிற நாடுகளில் எப்படி மாறியது, இந்தியாவில் இக்கேள்வி எந்த இடத்தில் நிற்கிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

கிருமியும் நோயும்

கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கும் தாம்பத்திய வாழ்வுக்கும் ஏதோ தொடர்பு உண்டு என்று மருத்துவர்கள் நெடுங்காலமாகவே ஐயுற்று வந்தனர். 1970களில் பலரும் ஹெர்பீஸ் வைரஸையே குற்றவாளியாகக் கருதினர். ஜெர்மனி நாட்டு அறிவியலாளர் ஹரால்ட் சூர் ஹவுசன் மட்டும், மருக்களை உண்டாக்கும் பாப்பிலோமா வைரஸே காரணமாக இருக்கலாம் என்று சொல்லி வந்தார். 1983இல் அவரது குழு புற்றுநோய்த் திசுவிலிருந்து எச்.பி.வி. 16ஆம் வகையையும், 1984இல் 18ஆம் வகையையும் பிரித்தெடுத்தது. உலகில் வரும் கருப்பைவாய்ப் புற்றுநோய்களில் ஏறக்குறைய 70 விழுக்காட்டுக்கு இவ்விரு வகைகளே காரணம். இக்கண்டுபிடிப்புக்காக அவருக்கு 2008இல் நோபல் பரிசு கிடைத்தது.

தடுப்பூசிக்கு வழி திறந்தது ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகம். அங்கே 1991இல் இயன் ஃபிரேசரும் சீனாவிலிருந்து வந்த ஜியான் ஸோவும் வைரஸின் வெளிக்கூட்டுப் புரதத்தை மட்டும் உருவாக்கி, அது தானாகவே வைரஸ் வடிவத்தில் உருண்டு சேரும்படி செய்தனர். உள்ளே மரபணுப் பொருள் இல்லாத வெறுங்கூடு அது. தொற்றவும் செய்யாது, பெருகவும் செய்யாது. உடல் அதைக் கண்டு எதிர்ப்பொருளை மட்டும் உருவாக்கிக்கொள்கிறது. தடுப்பூசி சந்தைக்கு வருவதைப் பார்க்காமலே ஸோ 1999இல் இறந்துபோனார். 2006 ஜூனில் அமெரிக்காவில் கார்டசில் உரிமம் பெற்றது. 6, 11, 16, 18 ஆகிய நான்கு வகைகளுக்கு எதிரானது அது. அடுத்த ஆண்டு ஐரோப்பாவில் உரிமம் பெற்ற செர்வாரிக்ஸ் 16, 18 ஆகிய இரண்டுக்கு மட்டும் எதிரானது.

ஏற்கெனவே வந்துவிட்ட தொற்றை இந்த ஊசி நீக்காது. தொற்றுக்கு வாய்ப்பு ஏற்படும் முன்பே போட வேண்டும். 9 முதல் 14 வயது வரை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது இதனால்தான்.

இந்தியாவுக்கு இது எவ்வளவு பெரிய செய்தி என்பதை எண்களே சொல்லும். 2022ஆம் ஆண்டுக்கான உலகப் புற்றுநோய் மதிப்பீட்டின்படி இந்தியாவில் அவ்வாண்டு சுமார் 1.27 லட்சம் பெண்களுக்குப் புதிதாகக் கருப்பைவாய்ப் புற்றுநோய் வந்தது. சுமார் 80 ஆயிரம் பேர் இறந்தனர். சென்னையில் அடையாறு புற்றுநோய் நிறுவனம் 1980களின் தொடக்கத்திலிருந்து மக்கள்தொகை அடிப்படையில் புற்றுநோய்ப் பதிவேட்டை நடத்தி வருகிறது. அதன் தொடக்க ஆண்டுகளில் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் கருப்பைவாய்ப் புற்றுநோயே முதலிடத்தில் இருந்தது. பின்னர் அது படிப்படியாகக் குறைய, மார்பகப் புற்றுநோய் முன்னுக்கு வந்தது. இந்த இறக்கம் தடுப்பூசி வருவதற்கு முன்பே தொடங்கிவிட்டது என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஆண்களுக்கு வருவது என்ன? தொண்டையின் மேற்பகுதி, ஆசனவாய், ஆண்குறி ஆகிய இடங்களில் வரும் புற்றுநோய்களில் ஒரு பகுதி இக்கிருமியால் வருவது. 6, 11ஆம் வகைகள் பிறப்புறுப்பு மருக்களை உண்டாக்குகின்றன. 2019இல் உலகெங்கும் எச்.பி.வி.யால் பெண்களுக்கு 6.2 லட்சம் புற்றுநோய்களும் ஆண்களுக்கு 70 ஆயிரமும் வந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. ஆக, நோயின் பெருஞ்சுமை பெண்ணுக்கே. ஆனால் கிருமியைச் சுமப்பதில் அவ்வளவு வேறுபாடு இல்லை. 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் ஏறக்குறைய மூவரில் ஒருவருக்குப் பிறப்புறுப்பில் ஏதேனும் ஒரு வகை எச்.பி.வி. தொற்று இருப்பதாக 2023இல் வெளியான உலகளாவிய ஆய்வுத் தொகுப்பு ஒன்று கூறியது. பெண்ணுக்குத் தொற்றை முன்கூட்டிக் கண்டறியச் சோதனைகள் உண்டு. ஆண்களுக்கு அவ்வாறு வழக்கமாகச் செய்யும் சோதனை எதுவும் இல்லை.

பெண்களோடு தொடங்கியது ஏன்

முதல் காரணம் மேலே சொன்ன எண்ணிக்கை. பத்தில் ஒன்பது பங்கு நோய் பெண்ணுக்கு வரும்போது, கையில் இருக்கும் சில ஊசிகளை யாருக்குக் கொடுப்பது என்பதில் குழப்பமில்லை. இரண்டாவது காரணம் விலை. தொடக்கத்தில் மூன்று தவணை; ஒவ்வொன்றும் மிக அதிக விலை. மூன்றாவது, ஆய்வுகள் பெண்களிடமே முதலில் முடிந்தன. அமெரிக்காவில் ஆண்களுக்கான உரிமம் 2009 அக்டோபரில்தான் வந்தது. அதுவும் மருக்களைத் தடுக்க என்ற பெயரில்.

நான்காவது காரணம் சற்று நுட்பமானது. பெண்களில் மிகப் பெரும்பாலோர் ஊசி போட்டுக்கொண்டால், கிருமிக்குப் பரவும் வழி அடைபடும். அவர்களைச் சேரும் ஆண்களுக்கும் காப்பு தானாகக் கிடைக்கும். ஆஸ்திரேலியாவில் 2007 ஏப்ரலில் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளிகளில் இலவசமாகப் போடத் தொடங்கிய சில ஆண்டுகளிலேயே, ஊசியே போடாத இளம் ஆண்களிடமும் பிறப்புறுப்பு மருக்கள் வெகுவாகக் குறைந்தன. ஆண்களோடு உறவுகொள்ளும் ஆண்களிடம் மட்டும் அந்தக் குறைவு தெரியவில்லை. பெண்களுக்குப் போட்டால் போதும் என்ற கணக்கில் விடுபட்டுப்போனவர்கள் யார் என்பதை இது காட்டிக்கொடுத்தது.

இந்தக் கணக்கு ஒரு நிபந்தனையில் நிற்கிறது. பெண் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோருக்கு ஊசி போய்ச் சேர வேண்டும். பாதிப் பேருக்கு மட்டும் போய்ச் சேர்ந்தால், விடுபட்ட பெண்ணுக்குக் காப்பாக நிற்க யாரும் இல்லை.

ரூபெல்லா காட்டிய வழி

பெண்களுக்கு மட்டும் என்று தொடங்கி எல்லாருக்கும் என்று மாறிய தடுப்பூசி இதற்கு முன்பும் ஒன்று உண்டு. அந்தக் கதை நம் பள்ளிகளிலும் நடந்தது என்பதால் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

ரூபெல்லா என்பது லேசான காய்ச்சலும் தோலில் தடிப்புமாக வந்து சில நாளில் போய்விடும் நோய். பையனுக்கு வந்தால் ஒரு வாரம் பள்ளிக்கு வரமாட்டான், அவ்வளவுதான். கருவுற்ற பெண்ணுக்குத் தொடக்க மாதங்களில் வந்தால் கதை வேறு. பிறக்கும் குழந்தைக்குக் கண்புரை, செவிடு, இதயக் குறைபாடு வரும். சிட்னி நகரக் கண் மருத்துவர் நார்மன் கிரெக் 1941இல், கண்புரையோடு பிறந்த குழந்தைகளின் தாய்மார்கள் கருவுற்றிருந்தபோது ரூபெல்லா கண்டவர்கள் என்பதைக் கவனித்து எழுதினார். 1964–65இல் அமெரிக்காவில் வீசிய கொள்ளைநோயில் சுமார் 20 ஆயிரம் குழந்தைகள் இக்குறைபாடுகளோடு பிறந்தனர். நம் மாநிலத்தில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை மருத்துவர்கள் இத்தகைய குழந்தைகளைப் பற்றி ஆய்ந்து எழுதியுள்ளனர்.

1969இல் தடுப்பூசி வந்தது. அமெரிக்கா ஆண், பெண் குழந்தைகள் எல்லாருக்கும் போட்டது. பிரிட்டன் 1970இல் 11 முதல் 13 வயதுப் பெண் பிள்ளைகளுக்கு மட்டும் போட்டது. கருவுறப் போகிறவள் பெண்தானே, அவளைக் காத்தால் போதும் என்பது பிரிட்டன் போட்ட கணக்கு. அதில் தர்க்கப் பிழை ஏதும் இல்லை. ஆனால் கிருமி சிறு குழந்தைகளிடமும் ஆண்களிடமும் சுற்றிக்கொண்டே இருந்தது; ஊசி தவறிப்போன பெண்களை வந்து பிடித்தது. 1988இல் பிரிட்டன் தன் வழியை மாற்றி இருபால் குழந்தைகளுக்கும் முத்தடுப்பூசியைக் கொண்டுவந்தது. அதற்குள் ஊசி போடாமலே வளர்ந்துவிட்ட ஆண்களின் தலைமுறை ஒன்று இருந்தது. 1993இலும் 1996இலும் அங்கே வந்த ரூபெல்லா அலைகளில் நோயுற்றவர்களில் பெரும்பாலோர் இளம் ஆண்கள்.

இந்தியா இந்தச் சுற்றுவழியில் போகவில்லை. 2017 பிப்ரவரியில் தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி இயக்கம் தமிழ்நாடு, கர்நாடகம், கோவா, புதுச்சேரி, இலட்சத்தீவு ஆகிய ஐந்து இடங்களில் முதலில் தொடங்கியது. 9 மாதம் முதல் 15 வயதுக்குட்பட்ட ஆண், பெண் பிள்ளைகள் அனைவருக்கும் ஒரே ஊசி. அப்போது பள்ளிப் பணியில் இருந்தவர்களுக்கு அந்த வாரங்கள் நன்றாக நினைவிருக்கும். வாட்ஸ்அப்பில் வந்த செய்திகளைக் கண்டு அஞ்சிப் பல பெற்றோர் ஊசி போடும் நாளில் பிள்ளைகளை அனுப்பவில்லை. காலக்கெடுவை நீட்டிக்க வேண்டியிருந்தது. ஊசி எந்த ஊரில் செய்தது, இதற்கு முன் போட்டதுண்டா, காய்ச்சல் வருமா என்று என்னிடம் கேட்ட பெற்றோர் பலர். "பிள்ளைத்தாய்ச்சிக்கு வரும் ஆபத்துக்கு என் மகனுக்கு எதற்கு ஊசி?" என்று கேட்டவர் ஒருவரும் இல்லை. தட்டம்மையோடு சேர்ந்து வந்ததால் அந்தக் கேள்வி எழவே இடமில்லாமல் போனது. எவரோ ஒரு பெண்ணின் வயிற்றில் இனி வளரப்போகும் குழந்தைக்காகத் தமிழ்நாட்டுப் பையன்கள் லட்சக்கணக்கில் அந்த ஆண்டு கையை நீட்டினார்கள்.

பிற நாடுகளில் மாற்றம்

எச்.பி.வி. தடுப்பூசியை ஆண் பிள்ளைகளுக்கும் தேசிய அளவில் அரசுச் செலவில் முதலில் கொடுத்தது ஆஸ்திரேலியா. 2013 பிப்ரவரியில் 12–13 வயதுப் பையன்களுக்குப் பள்ளிகளில் தொடங்கியது. அடுத்த ஈராண்டுகளுக்கு 14–15 வயதினருக்கும் சேர்த்துப் போடப்பட்டது. அமெரிக்காவில் 2011இல் ஆண் பிள்ளைகளுக்கும் வழக்கமான தடுப்பூசியாக இது பரிந்துரைக்கப்பட்டது.

பிரிட்டனில் நடந்த விவாதம் படிக்கத் தக்கது. பெண் பிள்ளைகளுக்கு 2008 முதல் அங்கே போடப்பட்டு வந்தது, பெரும்பாலோர் போட்டுக்கொண்டனர். 2017 ஜூலையில் அரசின் தடுப்பூசி ஆலோசனைக் குழு, ஆண் பிள்ளைகளைச் சேர்ப்பது செலவுக்கு ஏற்ற பயன் தராது என்று இடைக்கால முடிவு சொன்னது. எதிர்ப்புகள் எழுந்தன. ஒரே ஆண்டில், 2018 ஜூலையில், அதே குழு சேர்க்கலாம் என்று பரிந்துரைத்தது. 2019 செப்டம்பர் முதல் 12–13 வயதுப் பையன்களுக்கும் அங்கே ஊசி போடப்படுகிறது. அந்த ஓராண்டில் வைரஸ் மாறிவிடவில்லை. நீண்டகாலப் பயனை எப்படி மதிப்பிடுவது, எந்த நோய்களையெல்லாம் கணக்கில் சேர்ப்பது என்பதே மாறியது. செலவு–பயன் கணக்கு என்பது எண்களால் ஆனதுதான் என்றாலும், எந்த எண்ணை எடுத்துக்கொள்வது என்பதை மனிதர்கள்தான் முடிவு செய்கிறார்கள்.

பின்லாந்தில் 33 ஊர்களைப் பிரித்து, சிலவற்றில் பெண் பிள்ளைகளுக்கு மட்டும், சிலவற்றில் இருபாலருக்கும் ஊசி போட்டு ஒப்பிட்டார்கள். நடுத்தர அளவில் மட்டுமே பிள்ளைகள் ஊசி போட்டுக்கொள்ளும் நிலையில், பையன்களையும் சேர்த்த ஊர்களில் போடாதவர்களுக்கும் கிடைத்த காப்பு கூடுதலாக இருந்தது. எல்லாப் பெண் பிள்ளைகளையும் எட்ட முடியாத இடங்களுக்கு இது முக்கியமான சேதி.

இதற்கிடையே ஊசிக்கே தட்டுப்பாடு வந்தது. 2019 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு, ஏழை நாட்டுப் பெண் பிள்ளைகளுக்கே ஊசி கிடைக்காத நிலையில், ஆண் பிள்ளைகளுக்குப் போடுவதை எல்லா நாடுகளும் தற்காலிகமாகத் தள்ளிவைக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டது. ஒரு பணக்கார நாட்டுப் பையனுக்குப் போகும் ஊசி ஓர் ஏழை நாட்டுப் பெண்ணுக்குக் கிடைக்காமல் போகிறது என்ற நிலை அன்று உண்மையாகவே இருந்தது. நம் அண்டை நாடான இலங்கை 2017இலேயே 6ஆம் வகுப்பு மாணவிகளுக்கு இதைப் பள்ளிகளில் தொடங்கிவிட்டது என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். இந்தியா அப்போது இன்னும் தயங்கிக்கொண்டிருந்தது.

கம்மம்: தயக்கத்தின் தொடக்கம்

2009இல் பாத் என்ற அமெரிக்கத் தொண்டு அமைப்பு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துடனும் மாநில அரசுகளுடனும் சேர்ந்து, அன்றைய ஆந்திரப் பிரதேசத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வடோதரா மாவட்டத்திலும் 10 முதல் 14 வயதுப் பெண் பிள்ளைகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி போடும் முன்னோட்டத் திட்டத்தைத் தொடங்கியது. கம்மத்தில் கார்டசில், வடோதராவில் செர்வாரிக்ஸ். இரு மாவட்டங்களிலுமாக 23 ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிறுமிகள் ஊசி போட்டுக்கொண்டனர்.

திட்டம் நடந்த காலத்தில் ஏழு சிறுமிகள் இறந்தனர். பாம்புக்கடி, நீரில் மூழ்குதல், பூச்சிமருந்து குடித்தல், காய்ச்சல் போன்றவையே காரணம், தடுப்பூசிக்கும் இறப்புகளுக்கும் தொடர்பில்லை என்று அரசு அமைத்த விசாரணைக் குழு பின்னர் கூறியது. ஆனால் அந்த விசாரணையில் வேறொன்று வெளிவந்தது. கம்மத்தில் ஊசி போட்டுக்கொண்டவர்களில் பலர் பழங்குடியினர் விடுதிகளில் தங்கிப் படித்தவர்கள். அவர்களுக்கான ஒப்புதல் படிவங்களில் பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்களும் தலைமையாசிரியர்களும் கையெழுத்திட்டிருந்தனர். 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது. 2013 ஆகஸ்டில் நாடாளுமன்ற நிலைக்குழு தன் அறிக்கையில் இதைக் கடுமையாகக் கண்டித்தது.

ஆசிரியராக இருந்தவர்களுக்கு இந்த இடம் உறுத்தும். பள்ளியில் ஒரு நாளைக்குப் பல தாள்களில் கையெழுத்துப் போடுகிறோம். சுற்றுலா, மாத்திரை, உதவித்தொகை, மருத்துவ முகாம் என்று. பெற்றோர் வரமுடியாத தொலைவில் இருந்தால், பிள்ளை நன்மைக்குத்தானே என்று நாமே போட்டுவிடத் தோன்றும். கம்மத்தில் அப்படி இடப்பட்ட கையெழுத்துகள் இந்தியாவில் இத்தடுப்பூசியைப் பத்தாண்டுக்கு மேல் பின்னுக்குத் தள்ளின. நல்ல ஊசி என்பது ஒரு செய்தி. கேட்டுப் போட்ட ஊசியா என்பது வேறொரு செய்தி. ஆண் பிள்ளைகளுக்கு நாளை இது வந்தாலும், இந்தத் தாளில்தான் முதல் தடுக்கல் இருக்கும்.

பாதியில் நின்ற ஆய்வு தந்த பதில்

2010 ஏப்ரல் ஆணை இன்னொன்றையும் நிறுத்தியது. அதே காலத்தில், பிரான்சின் லியோன் நகரில் உள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, இந்தியாவில் பல மையங்களில் ஒரு தனி ஆய்வை நடத்திக்கொண்டிருந்தது. மூன்று தவணைக்குப் பதில் இரண்டு போதுமா என்பது கேள்வி. கேரளத்தைச் சேர்ந்த மருத்துவர் ஆர். சங்கரநாராயணன் அதை முன்னின்று நடத்தினார். திண்டுக்கல் மாவட்டம் அம்பிளிக்கையில் உள்ள கிறிஸ்தவ ஐக்கிய சமூக மருத்துவ மையமும் அம்மையங்களுள் ஒன்று. அதே அம்பிளிக்கைக் குழுவினர் அதற்கு முன்பே, திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் அசிட்டிக் அமிலத்தைத் தடவிக் கண்ணால் பார்த்துச் சோதிக்கும் எளிய முறையால் கருப்பைவாய்ப் புற்றுநோய் இறப்புகளை 35 விழுக்காடு குறைக்க முடியும் என்று காட்டிய ஆய்வில் பங்கு கொண்டவர்கள். அந்த முடிவு 2007இல் லான்செட் இதழில் வெளிவந்தது.

தடுப்பூசி ஆய்வில் 20 ஆயிரம் பெண் பிள்ளைகளைச் சேர்ப்பது திட்டம். ஆணை வந்தபோது 17,729 பேர் குறைந்தது ஒரு தவணையாவது போட்டிருந்தனர். அவர்களில் 4,950 பேருக்கு முதல் ஊசி மட்டுமே போடப்பட்டிருந்தது. அடுத்ததற்கு அனுமதி இல்லை. ஆய்வு கெட்டுப்போயிற்று என்றுதான் யாரும் நினைத்திருப்பார்கள். ஆய்வாளர்கள் ஒரு தவணை, இரண்டு, மூன்று என்று பிரிந்துவிட்ட அந்தப் பிள்ளைகளை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்தார்கள். 2021இல் வெளியான முடிவின்படி, 16, 18ஆம் வகைகளின் நிலைத்த தொற்றைத் தடுப்பதில் ஒரு தவணையின் திறன் 95.4 விழுக்காடு, மூன்று தவணைக்கு 93.3. வேறுபாடே இல்லை என்று சொல்லலாம். கென்யாவில் நடந்த இன்னொரு ஆய்வும் இதை உறுதிசெய்தது. 2022 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் 9 முதல் 20 வயது வரை உள்ள பெண்களுக்கு ஒரு தவணையே போதும் என்று ஏற்றுக்கொண்டது.

மூன்று ஊசி ஒன்றானதில் ஆண் பிள்ளைகளுக்கான கணக்கும் மாறிவிடுகிறது. முன்பு ஒரு பெண் பிள்ளைக்குத் தேவைப்பட்ட ஊசிகளைக் கொண்டு இன்று மூன்று பிள்ளைகளுக்குப் போடலாம்.

உள்நாட்டு ஊசியும் தமிழ்நாட்டு அறிவிப்பும்

புனேயின் சீரம் நிறுவனம் உருவாக்கிய செர்வாவேக் 2022 ஜூலையில் உரிமம் பெற்று, 2023 ஜனவரியில் அறிமுகமானது. கார்டசிலைப் போலவே நான்கு வகைகளுக்கு எதிரானது. இதன் ஆய்வில் 9–14 வயதுப் பெண் பிள்ளைகளோடு ஆண் பிள்ளைகளும் தொடக்கத்திலேயே சேர்க்கப்பட்டனர். உரிமமும் இருபாலருக்கும் வழங்கப்பட்டது. தனியார் சந்தையில் ஒரு தவணை சுமார் 2,000 ரூபாய். அரசுக்கு 200 முதல் 400 ரூபாய்க்குள் தர இயலும் என்று நிறுவனத் தலைவர் 2022இல் கூறினார்.

2022இல் தேசியத் தடுப்பூசி ஆலோசனைக் குழு, 9 வயதுப் பெண் பிள்ளைகளுக்கு வழக்கமாகவும், 9–14 வயதினருக்கு ஒருமுறை மட்டும் கூடுதலாகவும் போடப் பரிந்துரைத்தது. 2024 பிப்ரவரி இடைக்கால வரவு–செலவுத் திட்ட உரையில் ஒன்றிய நிதியமைச்சர் இவ்வயதுப் பெண் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி ஊக்குவிக்கப்படும் என்றார். தமிழ்நாடு அரசு 2025 மார்ச்சில் தாக்கல் செய்த வரவு–செலவுத் திட்டத்தில், 14 வயதுப் பெண் பிள்ளைகள் அனைவருக்கும் படிப்படியாக இத்தடுப்பூசி போட 36 கோடி ரூபாய் ஒதுக்கியது. இதற்கு முன் மாநில அளவில் இதைச் சாதித்துக் காட்டியது சிக்கிம்; 2018இல் பள்ளிகள் வழியாக நடத்தி 95 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட பெண் பிள்ளைகளை எட்டியது.

எல்லா அறிவிப்புகளிலும் "பெண் பிள்ளைகள்" என்ற சொல்லே இருக்கிறது. ஆண் பிள்ளைகளைச் சேர்த்தால் செலவு இரண்டு மடங்காகும். பிறப்பு விகிதத்தைப் பார்த்தால் அதற்குச் சற்று மேலேயும் ஆகும்.

இரு பக்க நியாயம்

ஆண் பிள்ளைகளை இப்போது சேர்க்க வேண்டாம் என்பவர்கள் சொல்வதில் வலு இருக்கிறது. இந்தியாவில் ஆண்களை வாட்டும் வாய், தொண்டைப் புற்றுநோய்களில் பெரும்பகுதி புகையிலையாலும் பாக்காலும் வருவது. மேலை நாடுகளில் எச்.பி.வி. தொண்டைப் புற்றுநோய் பெருகியதைக் காட்டி இங்கே அப்படியே வாதிட முடியாது. நாட்டில் ஒவ்வோர் ஆண்டும் ஒரு கோடிக்கு மேற்பட்ட பெண் பிள்ளைகள் இந்த வயதை எட்டுகிறார்கள். அவர்களில் ஒருத்திக்கும் ஊசி தவறாமல் இருப்பதே முதல் வேலை. நூறு ஊசி இருந்தால் ஐம்பதைப் பையன்களுக்குப் பிரித்துக் கொடுப்பதைவிட நூறையும் பெண்களுக்குப் போடுவது அதிக உயிர்களைக் காக்கும். இதை ஒப்புக்கொள்ளாமல் ஆண் பிள்ளைகளுக்காகப் பேசுவது சரியாகாது.

ஆனால் "முதலில் பெண்கள்" என்பதற்கும் "பெண்களுக்கு மட்டும்" என்பதற்கும் வேறுபாடு உண்டு. முன்னது வரிசை, பின்னது வேலி. நம் நாட்டில் வரிசை வேலியாகிவிடும் வழக்கம் உண்டு. குடும்பக் கட்டுப்பாட்டைப் பாருங்கள். 1950களின் பிற்பகுதியில் சென்னை மாநிலம்தான் ஆண்களின் கருத்தடை அறுவைக்கு ஊக்கத்தொகை கொடுத்து நாட்டுக்கு முன்னோடியாக நின்றது. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் பெண் கருத்தடை 57.8 விழுக்காடு, ஆண் கருத்தடை 0.1 விழுக்காடு. எளிய அறுவை ஆணுக்கு இருக்க, பெரிய அறுவையைப் பெண் சுமக்கிறாள். உறவில் இருவர் இருக்கும் காரியத்தில் பொறுப்பு ஒருத்தியிடம் போய்ச் சேர்ந்துவிட்டால் பிறகு அதைத் திருப்பி எடுப்பது கடினம்.

தடுப்பூசியின் பெயரும் இந்த வேலையைச் செய்கிறது. கருப்பைவாய்ப் புற்றுநோய் ஊசி என்று ஒரு தலைமுறைக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு, பிறகு பையனுக்கும் போடுங்கள் என்றால் எந்தப் பெற்றோரும் விழிப்பார்கள். எச்.பி.வி. தடுப்பூசி, புற்றுநோய்த் தடுப்பூசி என்று இப்போதிலிருந்தே சொல்லலாம். இதற்குச் செலவு ஒன்றுமில்லை. பெண் பிள்ளைக்கு மட்டும் போடும் ஊசி என்றால், வயதுக்கு வந்த பெண்ணைப் பற்றிய பேச்சுகள் அதைச் சுற்றிக் கிளம்பும், "எதற்கு இந்த வயதில் இது?" என்ற கேள்வி வரும். வகுப்பில் எல்லாருக்கும் போடும் ஊசியில் அந்தப் பேச்சுக்கு இடம் குறைவு.

செங்கற்பட்டும் பள்ளிகளும்

வண்டலூர் அடங்கிய பழைய செங்கற்பட்டு மாவட்டம் உலகத் தடுப்பூசி வரலாற்றில் இடம்பெற்ற ஒன்று. காசநோய்க்கான பி.சி.ஜி. தடுப்பூசி உண்மையில் எவ்வளவு காக்கிறது என்பதை அறிய 1968 முதல் 1971 வரை இம்மாவட்டத்தின் திருவள்ளூர் வட்டாரத்தில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோரிடம் பேராய்வு தொடங்கப்பட்டது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை என்ற முடிவு உலகைத் திடுக்கிட வைத்தது. ஆயினும் குழந்தைகளுக்கு வரும் மூளைக்காய்ச்சல் வகைக் காசநோயைத் தடுப்பதால் பச்சிளங்குழந்தைகளுக்கு இன்றும் அதைப் போடுகிறோம். அதற்கும் முன்பு, 1955இல், ராஜாஜி பி.சி.ஜி.யை எதிர்த்துத் தனி நூலே எழுதினார். ஊசியைப் பற்றிய ஐயம் வாட்ஸ்அப்போடு பிறந்ததன்று.

ஊசி உற்பத்திக்கான இடமும் இங்கே இருக்கிறது. செங்கற்பட்டை அடுத்த திருமணியில் எச்.எல்.எல். பயோடெக் நிறுவனத்தின் ஒருங்கிணைந்த தடுப்பூசி வளாகம் 594 கோடி ரூபாய்த் திட்டமாக 2012இல் ஒப்புதல் பெற்றுக் கட்டப்பட்டது. 2021 மே மாதம் கொரோனாவின் இரண்டாம் அலையில் முதலமைச்சர் நேரில் வந்து பார்த்தபோது அது உற்பத்தியின்றி இருந்தது. மாநில அரசுக்குக் குத்தகைக்குத் தரும்படி ஒன்றிய அரசுக்குக் கடிதமும் எழுதினார்.

பள்ளியைப் பொறுத்தவரை ஆண் பிள்ளைகளைச் சேர்ப்பதில் புதிய ஏற்பாடு அதிகம் வேண்டியதில்லை. 10 வயதிலும் 16 வயதிலும் இரணஜன்னி–தொண்டை அடைப்பான் தடுப்பூசி இருபாலருக்கும் உண்டு. அதற்குச் செவிலியர் குளிர்பெட்டியோடு பள்ளிக்கு வருகிறார். மாணவரும் மாணவியரும் வரிசையில் நிற்கிறார்கள். வாரந்தோறும் தரும் இரும்புச்சத்து மாத்திரையும் முதலில் வளரிளம் பெண்களை நோக்கித் தொடங்கிப் பின்னர் 6ஆம் வகுப்பு முதல் பையன்களுக்கும் வந்ததுதான்.

பள்ளிக்கு வெளியே இருக்கும் பையன்தான் சிக்கல். 14 வயதில் படிப்பை விட்டுப் பட்டறையிலோ கட்டட வேலையிலோ சேர்ந்துவிட்டவனின் பெயர் வகுப்புப் பதிவேட்டில் இருக்காது. வெளிமாநிலத்திலிருந்து வந்து ஜி.எஸ்.டி. சாலை ஓரத்துக் கட்டுமானங்களில் தங்கியிருக்கும் குடும்பத்தின் பிள்ளை எந்தப் பதிவேட்டிலும் இருக்கமாட்டான். அதே குடும்பத்துப் பெண் பிள்ளைக்கும் இதே நிலைதான். பள்ளி வழியாக மட்டும் ஊசி போடும் எந்தத் திட்டத்திலும் முதலில் விடுபடுகிறவர்கள் இவர்கள். இவர்களைத் தேடிப் பட்டியலிடும் வேலை கிராம சுகாதாரச் செவிலியரிடமே வந்து நிற்கும்.